சிரம்பானுக்குப் போகாத கடிதம்

சென்ற வருடம் பகாவ் அரசாங்க கிளினிக்கில் ஒரு தாளை நிரப்பும்போது பொய் எழுதினேன். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கப் போகும் வயதானவர்களுக்கு அங்கே ஒரு கேள்வித்தாள் தருவார்கள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, உங்கள் மேலேயே உங்களுக்கு வெறுப்பு வந்ததா என்றெல்லாம் கேட்டிருக்கும். நான் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அப்போது நான் குளித்து மூன்று நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் முழுவதும் சாப்பிட்டது நான்கு பிஸ்கட்.

என்ன எழுதினால் விட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மேசைக்கு மறுபக்கத்தில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான்.

கோலா பிலாவுக்கும் பகாவுக்கும் இடையில் இருந்த ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஆஸ்பத்திரி அசிஸ்டன்டாக வேலை பார்த்தேன். தொழிலாளர்கள் டிரசர் என்பார்கள். டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலும் பிரசவமும் பாம்புக்கடியும் என் பொறுப்பு. விடியுமுன் பெரட்டு நடக்கும். ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, யார் எந்த மர நிரைக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடுகிற இடம் அது. உடம்பு சரியில்லை என்கிறவர்களை வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னிடம் அனுப்புவார். காய்ச்சல், காயம், வாந்தி பேதி. இவற்றில் ஒன்று இருந்தால் எம்.சி. என்கிற விடுப்புச் சீட்டு கிடைக்கும். இல்லையென்றால் நோயாளிப் புத்தகத்தில் 'வேலைக்குப் போகலாம்' என்று எழுதி, ஒரு கிளாஸ் மிக்சர் மருந்தைக் குடிக்க வைத்து அனுப்பிவிடுவேன்.

"மனசு சரியில்லீங்க அய்யா" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கொஞ்ச காலத்தில் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார்கள். முதுகு வலி, தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். அதையும் நான் பிடித்துவிடுவேன். இந்தத் தோட்டத்து டிரசரிடம் நடிப்பு செல்லாது என்று பெயர் வந்தது. துரை அதைச் சொல்லி என்னை மெச்சினார். எனக்கும் பெருமையாக இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் இதே மாதிரி ஒரு தோட்டத்தில் பாலுக்காகக் கித்தா மரம் வெட்டியவர்கள். டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து அந்த நாற்காலிக்கு வந்தவன் நான். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இதுவரை சொன்னது வேலை. சொல்ல வேண்டியது என் மகளைப் பற்றி.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வீட்டில் இருந்தாள். அதுதான் காரணமா என்று எனக்கு இன்றும் தெரியாது. தோழிகள் வந்தால் தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளேயே இருப்பாள். பிறகு கூப்பிட்டாலும் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். தட்டில் போட்ட சோறு அப்படியே காயும். இடுப்பு வரை முடி வைத்திருந்த பெண், வாரக்கணக்கில் சீப்பைத் தொடவில்லை.

என் மனைவி கோயிலுக்குக் கூட்டிப்போய் பூசாரியிடம் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கலாம் என்றாள். நான் சிரித்தேன்.

"டிரசர் வீட்டுலயே பேய் ஓட்டுறாங்கன்னு லயத்து ஆளுங்க பூரா பேசணுமா?"

"பேசட்டும். புள்ள சாப்புட்டா போதும்" என்றாள்.

நான் பையைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தேன். நாடி பார்த்தேன், அழுத்தம் பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. "ஒனக்கு ஒண்ணும் இல்ல. எந்திரிச்சு குளி" என்றேன். எழுந்து குளித்தாள். நான்கு நாள் நன்றாக இருப்பது போலக் காட்டினாள். பிறகு மறுபடியும் சுவர்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போய், ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்து, ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். இத்தனைக்கும் பல் துலக்கவே எழுந்திருக்க முடியாமல் இருந்தவள். எப்படிப் போனாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தாள்.

"சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருக்காருப்பா. போன் பண்ணி தேதி வாங்கணுமாம். நீங்க பேசுனா சீக்கிரம் கெடைக்கும்ல?"

கடிதத்தின் மேலே மனநலப் பிரிவுக்கு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் இருந்த போன் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வெளியே போகும். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எடுத்து, யாருக்கு என்று கேட்டு, இணைத்துக் கொடுப்பார். சாயங்காலத்துக்குள் அவர் மனைவிக்குத் தெரியும். மறுநாள் பெரட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் மிக்சர் கொடுத்துத் திருப்பி அனுப்பியவர்களெல்லாம் என்னைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? இவளை யார் கட்டிக்கொள்வார்கள்? உண்மையைச் சொன்னால், இரண்டாவது கேள்வி பின்னால்தான் வந்தது. முதலில் நினைத்தது என்னைப் பற்றித்தான். பஸ் ஏறி டவுனுக்குப் போனால் பொது போன் இருந்தது. நான் போகவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கேட்டாள். "தேதி கெடச்சிச்சாப்பா?"

"பேசிட்டேன்" என்றேன். "பெரிய டாக்டரே பேசுனாரு. லெட்டர படிச்சுக் காட்டுனேன். இதுக்கெல்லாம் வர வேணாம், ஒண்ணும் இல்ல, வேலைக்குப் போனா சரியாயிரும்னு சொல்லிட்டாரு."

"பெரிய டாக்டரே சொன்னாரா?"

"ஆமா."

"சரிப்பா" என்றாள்.

அன்று மத்தியானம், புண்ணில் கட்டிய துணிகளை எரிக்கிற தகரப் பீப்பாயில் அந்தக் கடிதத்தைப் போட்டேன்.

அடுத்த மாதம் செனாவாங்கில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். இல்லாத டாக்டரை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். மகள் அங்கேயே தங்கிவிட்டாள். ஷிப்ட் வேலை, பிறகு லைன் சூப்பர்வைசர், பிறகு சொந்தமாக ஒரு சின்ன வீடு. கல்யாணம் வேண்டாம் என்றாள். தீபாவளிக்கு வருவாள், சாயங்காலமே கிளம்பிவிடுவாள். அவ்வப்போது அவளுக்கு அந்தப் பழைய நிலை வரும். என் மனைவி போய் இரண்டு வாரம், மூன்று வாரம் உடன் இருந்துவிட்டு வருவாள்.

அப்படி ஒருமுறை திரும்பி வந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போவோம்டின்னா கேக்க மாட்டேங்கிறா. பெரிய டாக்டரே அப்பவே ஒண்ணும் இல்லன்னுட்டாரு, மறுபடி போயி என்னம்மா சொல்றது, சிரிப்பாங்கங்கிறா."

நான் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அப்போது மகளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சொல்லவில்லை. என் மனைவி போய்ச் சேரும்வரை சொல்லவில்லை. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

இப்போது நான் இருப்பது தோட்டத்தை ஒட்டி நாங்கள் வாங்கிய சின்ன வரிசை வீடு. கித்தா மரங்கள் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஐந்து பேர், ஆறு பேராக இருக்கிறார்கள். காலையில் மோட்டார் சைக்கிளில் போய், இருட்டும்போது வருவார்கள். தலையை ஆட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். ஒரு நாளில் என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராமல் போவதுண்டு. ஒரு சாயங்காலம் தொலைபேசியில் யாரோ தவறான எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தால் குரலே எழும்பவில்லை. வீட்டில் டிவி எந்நேரமும் ஓடும், எந்த மொழி என்றுகூடப் பார்ப்பதில்லை. ஒரு பானைச் சோறு இரண்டு நாளுக்கு வரும். மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். மருந்து சாப்பிட்டீங்களா, சாப்பாடு ஆச்சா, சரி வச்சிர்றேன். அவ்வளவுதான்.

கிளினிக்கில் பொய் எழுதிய அடுத்த மாதம் மறுபடி போனபோது தராசில் ஆறு கிலோ குறைந்திருந்தது. தாதி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தத் தாளையே மறுபடியும் கையில் கொடுத்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் பழையபடியே எழுதியிருப்பேன். "அங்கிள், இந்த வாட்டி பார்த்து எழுதுங்க" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். பார்த்து எழுதினேன். கடைசியாக ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஆலோசகரைப் பார்க்கச் சொல்லும் கடிதம். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.

ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண். என் மகளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அந்த அறையில் மண்டையைத் திறந்து பார்ப்பது போல ஏதாவது செய்வார்கள் என்று நான் பயந்திருந்தேன். அங்கே இரண்டு நாற்காலியும் ஒரு டிஷ்யூ பெட்டியும்தான் இருந்தன. முதல் இரண்டு முறை சர்க்கரையைப் பற்றியே பேசினேன். "பெலான் பெலான் லா, அங்கிள்" என்றார், அவசரமில்லை என்கிற மாதிரி. வீட்டுக்குச் சில பழக்கங்கள் எழுதிக் கொடுத்தார். தினமும் குளிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் நடக்க வேண்டும். உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிட வேண்டும். ஒரு மனிதரிடமாவது மூன்று வாக்கியம் பேச வேண்டும். முப்பத்தோரு வருடம் மற்றவர்களுக்கு மருந்து எழுதியவனுக்கு இதைப் படிக்கச் சிரிப்பு வந்தது. செய்ய ஆரம்பித்தபோதுதான் நான்காவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது.

சந்தியில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற ஓர் அம்மாள் இருக்கிறாள். ஐம்பது வயது இருக்கும். நடந்து முடிந்ததும் அங்கே ஒரு பாலில்லாத் தேநீர் வாங்கி, மூன்று வாக்கியம் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னா தாத்தா, மீட்டர் போட்டா பேசுறீங்க? மழ வரும்போல, வெல ஏறிருச்சு, நான் வாறேன். மூணே மூணு. நாலாவது பேசுனா காசா கேக்கப்போறேன்?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் விடவில்லை.

"நீங்க பழைய டிரசர்தானே? எங்கம்மா சொல்லும். காலு ஒடிஞ்சி கையில எடுத்துக்கிட்டுப் போனாத்தான் அந்தாளு எம்.சி. குடுப்பான்னு."

அவள் அம்மாவை எனக்கு நினைவிருந்தது. ஆறு மாதக் குழந்தையைப் பறிகொடுத்த பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் தினமும் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றவர். வயிறு எரிகிறது என்பார். நான் மிக்சர் கொடுப்பேன். குடித்துவிட்டு நிரைக்குப் போவார்.

"ஒங்கம்மாவுக்கு நான் எம்.சி. குடுத்துருக்கணும்" என்றேன்.

"அது செத்தே எட்டு வருசமாச்சு. எங்கிட்ட சொல்லி என்னா பண்ண?" என்றாள் அவள். சற்று நேரம் கரண்டியைத் துடைத்தாள். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அந்த வாரம் ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலாயில் சொன்னது எளிதாக இருந்தது. அந்த மொழியில் எனக்கு மகளும் இல்லை, மனைவியும் இல்லை. பீப்பாயில் போட்டதுவரை சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் என்பது அப்போது புரிந்தது. "மகளிடம் சொன்னால் யாருக்கு நல்லது, உங்களுக்கா அவருக்கா?" என்று கேட்டார். யோசித்துவிட்டு அடுத்த முறை சொல்லச் சொன்னார்.

இரண்டு வாரம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். சொன்னால் என் பாரம் இறங்கும், அது தெரிந்ததுதான். அவளுக்கு வலிக்கும், அதுவும் தெரிந்ததுதான். ஆனால் நாற்பத்தைந்து வயதில் அவள் இன்னும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருக்கிறாள். நான் இட்டுக்கட்டிய ஒரு டாக்டர் வாசலில் நின்று அவளை மறிக்கிறார். நான் செத்துவிட்டால் அவரை அங்கிருந்து அகற்ற ஆள் இருக்காது. அடுத்த முறை ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது தலையசைத்தார்.

அவளுக்கு வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை பஸ் மாறி மாறிச் செனாவாங் போனேன். கேட்டைத் திறந்தவள் முகம் மாறியது.

"என்னப்பா, சொல்லாம கொள்ளாம? போன் பண்ணியிருந்தா நான் வந்துருப்பேன்ல?"

"ஒண்ணு சொல்லணும்மா."

"ரிசல்ட் ஏதும் வந்துருச்சா? ஒக்காருங்க மொதல்ல. கட்டியா, என்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் சிரம்பானுக்கு போன் பண்ணவே இல்லம்மா."

"எப்போ? இன்னிக்கா? நான் இங்கதானே இருக்கேன், சிரம்பானுக்கு எதுக்கு?"

"ஒனக்கு இருவது வயசுல. நீ லெட்டர் கொண்டாந்து குடுத்தியே."

புரிவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது. சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்திவிட்டு வந்து கேட்டாள்.

"அப்ப பெரிய டாக்டர்?"

"யாரும் பேசல. நானாத்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன். லெட்டர எரிச்சிட்டேன்."

அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் குரல் ஏறவே இல்லை.

"லைன்ல நிக்கிறப்ப சும்மாவே கண்ணுல தண்ணியா ஊத்தும்ப்பா. டாய்லெட்டுல போயி நின்னுக்கிட்டு, ஒனக்கு ஒண்ணும் இல்லடி, பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, நடிக்காதேடின்னு என்னையவே திட்டிக்குவேன். எத்தன வருசம். ஒருநாள் செவுத்துல தலைய முட்டியிருக்கேன்." நெற்றியோரத்தைத் தொட்டாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அது ஒண்ணாவது மிச்சம்."

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"இப்ப அத சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா நான் ஏதாச்சும் பதில் சொல்லணும்."

வாடகைக் காருக்குப் போன் செய்தாள். வெயிலாக இருக்கிறது, நிழலில் நில்லுங்கள் என்றாள். கார் வருமுன் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த மூன்று ஞாயிறுகளும் வரவில்லை. பாரம் இறங்கும் என்று நினைத்தது தப்பு. வீட்டின் அமைதி முன்னைவிடக் கனத்தது. முன்பு மூன்று நிமிடமாவது மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்க ஓர் ஆள் இருந்தாள். காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. இருந்தும் குளித்தேன், நடந்தேன். அதனால் மனம் தெளிந்தது என்று சொல்ல மாட்டேன். குளிக்காமல் நடக்காமல் இருந்த நாட்கள் அதைவிட மோசமாக இருந்தன, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆலோசகரிடம், சொல்லியிருக்கக் கூடாதோ என்றேன். "அவர் நேரத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும், அங்கிள்" என்றார். தோட்டத்தில் நான் யாருக்கும் நேரம் கொடுத்ததில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம், அடுத்த ஆள்.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்த லெட்டர்ல என்னா எழுதியிருந்துச்சு?"

எனக்கு ஒவ்வொரு வரியும் நினைவிருந்தது. எரிப்பதற்கு முன் பல தடவை படித்திருந்தேன். சொன்னேன். மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை. எடை குறைந்திருக்கிறது. தான் யாருக்கும் பயனில்லை என்கிறார். இது நோய்தான் என்று நான் கருதுகிறேன், தயவுசெய்து விரைவில் பார்க்கவும். உதவி கேட்டுத் தானாகவே, தனியாக வந்திருக்கிறார்.

"தனியா வந்தேன்னு எழுதியிருந்தாரா?"

"ஆமா. அதுக்குக் கீழ கோடு போட்டிருந்தாரு."

அழுதாளா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை.

"நல்ல டாக்டர்" என்றாள் கடைசியில். பிறகு வேறு குரலில், "அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு சிரம்பான் ஆஸ்பத்திரில தேதி வாங்கியிருக்கேன். காலைல பத்து மணி."

"நான் வரட்டுமா?"

"வேணாம்."

"சரிம்மா."

"அன்னிக்குப் போனும் பண்ணாதீங்க. எனக்குப் பேசணும்னு தோணுனா நானே பேசுறேன்."

வியாழக்கிழமை வந்தது. பத்து மணிக்கு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டானது, இரண்டானது, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் நேரமும் தாண்டியது. போனாளா, பெயரைக் கூப்பிட்டார்களா, உள்ளே இருந்தவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாரா, எதுவும் தெரியாது. இரண்டு முறை போனைக் கையில் எடுத்து அவள் எண்ணைத் திரையில் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.